எக்கோ அறிக்கையில் அழுத்தமும் வேண்டும்
மலையகத்திலிருந்து கண்டி தேசிய வைத்தியசாலைக்கும் பேராதனைப் போதனா வைத்தியசாலைக்கும் வருகிற இதய நோயாளர் எக்கோ அறிக்கையில் தேடுவது ஓர் எண்ணைத்தான்: ஒவ்வொரு துடிப்பிலும் இடது இதயவறை தன்னிடமுள்ள இரத்தத்தில் எத்தனை வீதத்தை வெளியேற்றுகிறது? 55க்கு மேல் என்றால் நிம்மதி, 40க்குக் கீழ் என்றால் கலக்கம். ஆனால் அந்த எண் தசையின் பலத்தை மட்டும் சொல்வதில்லை. தசை எந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளியது என்பதும் அதில் கலந்திருக்கிறது. மாத்திரை தவறி, குருதி அழுத்தம் 190இல் நிற்கும் நாளில் அதே இதயம் குறைவாகக் காட்டக்கூடும். இதன் மறுபக்கம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. வாதக் காய்ச்சலால் ஈரிதழ் வால்வு ஒழுகுகிறவர்களுக்கு ஒரு பங்கு இரத்தம் அழுத்தம் குறைந்த சோணையறைக்கே திரும்பிவிடுகிறது. அதனால் தளர்ந்த தசைகூட 60ஐத் தொடும். சத்திரசிகிச்சைக்குரிய காலம் அந்தப் பொய் நிம்மதியில் நழுவிவிடலாம்.

அழுத்தத்தையும் கனவளவையும் சேர்த்துப் பார்த்தால் தசை எதிர்த்துத் தள்ளும் சுமையை அதிகம் சாராத அளவு கிடைக்கும் என்று 1970களிலேயே ஆய்வாளர்கள் சுகாவும் சகாவாவும் காட்டினார்கள். அதை நேரடியாக அளக்க இதயத்துக்குள் குழாய் செலுத்த வேண்டும். எல்லோருக்கும் அது இயலாது. ஆகவே பரிசோதனை நேரத்துக் குருதி அழுத்தத்தையாவது அறிக்கையில் எழுத வேண்டும். அழுத்தத்தின் சிறு ஏற்ற இறக்கம் பொருட்டல்ல என்பார்கள். ஆரோக்கியமான இதயத்துக்கு அது சரி. பலவீனமான இதயமோ சுமைக்கு மிக எளிதில் தளர்கிறது. சிகிச்சை முடிவு இந்த எண்ணில் தொங்குவதும் அத்தகையவருக்குத்தான். கூட்ட நெரிசலும் தடையல்ல, கையில் பட்டி சுற்றி அளக்க இரண்டு நிமிடம் போதும்.