நட்சத்திர ஆமைக்கு மலாக்காவில் என்ன வேலை?

மாணவர்களே, கைப்பேசியில் யாராவது 'நட்சத்திர ஆமை விற்பனைக்கு' என்று படம் போட்டால், விலையைக் கேட்குமுன் இதைக் கேளுங்கள்: பெர்ஹிலித்தான் உரிமம் எங்கே?

இந்த ஆமை நம் நாட்டு உயிரினம் அன்று. தமிழ்நாடு, ஆந்திரா, குஜராத், இலங்கையின் வறண்ட புதர்க்காடுகளே அதன் வீடு. கறுப்பு ஓட்டில் கதிர்போல் விரியும் மஞ்சள் கோடுகள், காய்ந்த புல்லின் நடுவே அதன் உருவத்தை மறைக்கின்றன. எதிரியிடமிருந்து காக்கும் அந்தக் கோலமே மனிதரிடம் மாட்டிவிடுகிறது!

சென்னை விமான நிலையத்தில் இவை பலமுறை பயணப்பெட்டிகளில் பிடிபட்டுள்ளன. அசையாதிருக்கத் துணியிலோ ஒட்டுநாடாவிலோ சுற்றி, நீரும் உணவும் இன்றி அடுக்குகிறார்கள். பிழைத்து வந்தாலும், மலாக்காவின் ஈரக்காற்றில், நனைந்த பிளாஸ்டிக் தொட்டியில் கிடந்தால் நுரையீரல் நோய் எளிதில் பற்றும்.

அழிந்துவரும் உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை, 2019-இல் இதை முதல் பட்டியலுக்கு உயர்த்தியது. காட்டில் பிடித்ததை வணிகத்துக்காக வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. நமது 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 2022-இல் கடுமையானது. உச்ச அபராதம் 10 லட்சம் ரிங்கிட். ஆனால், சுங்க அதிகாரி எத்தனை பெட்டிகளைத்தான் திறப்பார்? வாங்குபவரையும் கேள்வி கேட்க வேண்டும் என்பேன். "பண்ணையில் பிறந்தது" என்பார் விற்பவர். ஆமையைப் பார்த்து அதைச் சொல்லிவிட முடியாது, ஆவணம் வேண்டும்.

மீட்டதும் காட்டில் விட்டுவிடலாமே என்பீர்கள். நோயும் கூடவே போகும். வடமேற்கு இந்திய ஆமையும் தென்னிந்திய ஆமையும் மரபணுவில் வேறுபட்டவை. எந்தக் காட்டில் விடுவது? 2018-இல் சிங்கப்பூரில் மீட்கப்பட்ட 51 ஆமைகள் விமானமேறிக் கர்நாடகாவுக்குத் திரும்பின. அது செய்தியானதே, அப்படித் திரும்புவது அரிது என்பதால்தான்.