பூஞ்சை கொடுத்த கொலஸ்ட்ரால் மாத்திரை!

மன்னார்குடி பக்கம் நெல்லுக்குப் பூஞ்சை என்றால் பகையாளி. அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால், நெல்லைக் கிளறிக் கிளறிக் காயவைக்க வேண்டும். ஈரப்பதம் 17 சதவிகிதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் சிக்கல். மூட்டைக்குள் பூஞ்சை பிடித்தால் உழைப்பே வீண்.

ஆனால், அப்படி அரிசியில் வளர்ந்த ஒரு பூஞ்சைதான், இன்று கோடிக்கணக்கானோர் சாப்பிடும் கொலஸ்ட்ரால் மாத்திரைக்கு வழிகாட்டியது.

கண்டுபிடித்தவர் ஜப்பானைச் சேர்ந்த அகிரா எண்டோ. விவசாயக் குடும்பத்தில் 1933-ல் பிறந்தவர். நம் கல்லீரலே கொலஸ்ட்ராலைத் தயாரிக்கிறது. அதற்கு ஒரு நொதி உதவுகிறது. அந்த நொதியை முடக்கும் பொருளை ஏதாவது ஒரு பூஞ்சை சுரக்கும் என்று நம்பிய எண்டோ, டோக்கியோவின் சாங்கியோ நிறுவனத்தில் 1971-ல் தேடலைத் தொடங்கினார். 6,000-க்கும் மேற்பட்ட நுண்ணுயிர்களைச் சோதித்தார். கடைசியில் கைகொடுத்தது, கியோட்டோ நகரின் தானியக் கடை அரிசியில் கிடைத்த ‘பெனிசிலியம் சிட்ரினம்’. அதிலிருந்து 1973-ல் ‘காம்பாக்டின்’ கிடைத்தது.

எலிகளிடம் அது பலிக்கவில்லை. முட்டையிடும் கோழிகளுக்குக் கொடுத்தபோது, ரத்தத்தில் கொலஸ்ட்ரால் இறங்கியது!

காம்பாக்டின் மருந்துக்கடைக்கு வரவில்லை. வேறொரு பூஞ்சையிலிருந்து எடுத்த லோவாஸ்டாட்டினுக்கு 1987-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. அதைத் தயாரிக்க பெங்களூரின் பயோகான் நிறுவனம் 2001-ல் அமெரிக்க அனுமதி பெற்றது. இப்போது டாக்டர்கள் அதிகம் எழுதித்தரும் அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் ஆகியவை ரசாயன முறையில் தயாராகின்றன. ஆனால், அவையும் முடக்குவது அதே நொதியைத்தான்.

‘அப்படியானால் பூஞ்சை பிடித்த அரிசி உடம்புக்கு நல்லதா?’

கூடவே கூடாது! அதே சிட்ரினம் பூஞ்சை, சிறுநீரகத்தைக் கெடுக்கும் ‘சிட்ரினின்’ என்ற நஞ்சையும் சுரக்கும். கழுவி வேகவைத்தால் சரியாகிவிடும் என்று நம்ப முடியாது. ஆன்லைனில் விற்கும் ‘சிவப்பு ஈஸ்ட் அரிசி’ மாத்திரைகளிலும் கவனம் தேவை. அதுவும் பூஞ்சையில் புளிக்கவைத்த அரிசிதான். நம்மூர் மாப்பிள்ளைச் சம்பா போல இயற்கையாகச் சிவந்த அரிசி அல்ல. லோவாஸ்டாட்டின் அதில் எவ்வளவு இருக்கிறது என்பது மாத்திரைக்கு மாத்திரை மாறும்; சிட்ரினினும் கலந்திருக்கலாம்.

இன்னொன்று... ரிப்போர்ட்டில் அளவு குறைந்ததும் ‘சரியாகிவிட்டது’ என்று பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அளவைக் குறைத்து வைத்திருப்பதே அந்த மாத்திரைதான். நிறுத்தினால் மறுபடி ஏறும். தசைவலி போன்ற தொந்தரவு இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைப்பதா, மருந்தை மாற்றுவதா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.