காரைத் தாழ்த்தினால் போதுமா? கோணத்தை யார் பார்ப்பது?



கணக்கு வாத்தியார் காரைப் பற்றி எழுதுகிறாரே என்று சிரிக்காதீர்கள். ஆசிரியர் பயிற்சி முடித்து, முப்பது வருடத்துக்கு மேல் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோணம் சொல்லிக் கொடுத்தவன் நான். இதுவும் கோணத்தைப் பற்றிய விஷயம்தான்.

என் தங்கை மகன் போன வருடம் தன் காரைத் தாழ்த்தினான். பழைய ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுக் குட்டையான ஸ்பிரிங் போட்டிருந்தான். முன்பு டயருக்கு மேலே உள்ளங்கை நுழையும். இப்போது இரண்டு விரல்தான் நுழைந்தது. "எப்படி மாமா இருக்கு?" என்றான். "அழகா இருக்குடா" என்றேன். வேறு ஒரு கேள்வியும் நான் கேட்கவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

சென்ற மாதம் நல்ல மழையில், மனைவியையும் ஒன்றரை வயதுக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு சென்னையிலிருந்து திருச்சிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தான். மறுநாள் காலை வாசலில் கோலத்தை மிதிக்காமல் சுற்றிப் போகும்போது பார்த்தேன். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி நிறுத்தியிருந்ததால் முன்டயரின் உள்பக்கம் தெரிந்தது. வெளிப்பக்கம் பட்டன் நன்றாக இருந்தது. உள்விளிம்பில் ரப்பர் போய்க் கம்பி எட்டிப் பார்த்தது. இந்த டயரில்தான் குழந்தையோடு 330 கிலோமீட்டர் மழையில் வந்திருக்கிறார்கள்.

வீல் அலைன்மென்ட் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவரிடம் வண்டியைக் கொண்டுபோனோம். திரையில் அளவைக் காட்டிவிட்டு அவர் சொன்னது ஒரே வரி: "ஸ்பிரிங் மாத்தின கையோட அலைன்மென்ட் பார்த்திருக்கணும் சார்." தாழ்த்திக் கொடுத்த இடத்தில் அதை யாரும் சொல்லவில்லை. இவனும் கேட்கவில்லை.

என்ன நடக்கிறது? கவராயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தைக் கீழே தாங்கும் கை ஒன்று. சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் தண்டு இன்னொன்று. இரண்டும் வேறு வேறு மையத்தில், வேறு வேறு ஆரத்தில் வில் வரைகின்றன. கம்பெனி வைத்த உயரத்தில் அவை ஒத்துப்போகும்படி அமைத்திருப்பார்கள். உயரத்தைக் குறைத்தால் இரண்டும் வில்லில் வேறு இடத்துக்குப் போய்விடும். அதனால் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பும். இதை 'டோ' என்கிறார்கள். பெரும்பாலும் சக்கரத்தின் மேல்பக்கமும் உள்ளே சாயும். அது 'கேம்பர்'. கண்ணுக்குச் சட்டென்று தெரிவது கேம்பர்தான். ஆனால் டயரை அதிகம் தின்பது டோ.

ஒரு கணக்குப் போடுவோம். இவன் காரில் ஒவ்வொரு முன்சக்கரமும் அரைப் பாகை வெளியே திரும்பியிருந்தது. அரைப் பாகைதானே என்பீர்கள். அதன் சைன் மதிப்பு சுமார் 0.0087. அதாவது 1 கிலோமீட்டர் ஓடினால் சக்கரம் ஏறக்குறைய 9 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. சென்னையிலிருந்து திருச்சி வருவதற்குள் கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர். ஒரு ரப்பரை 3 கிலோமீட்டர் தார்ச்சாலையில் தேய்த்தால் என்ன மிஞ்சும்? பாகைமானியில் அரைக்கோடு தவறினால் நான் மதிப்பெண் குறைத்தபோது கோபித்துக்கொண்டவர்கள் இப்போது மன்னித்துவிடுங்கள்.

"ரேஸ் கார் எல்லாம் தாழ்வாகத்தானே இருக்கிறது?" என்று மருமகப்பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஈர்ப்பு மையம் கீழே வந்தால் வளைவில் வண்டி நிலையாக நிற்க உதவும், உண்மை. ஆனால் அங்கே உயரத்தோடு கோணங்களையும் சேர்த்து அளந்து வைக்கிறார்கள். டயரையும் அடிக்கடி மாற்றுகிறார்கள். நாம் உயரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறோம்.

சிலர் செலவைக் குறைக்க இருக்கிற ஸ்பிரிங்கையே வெட்டுகிறார்கள். அது இன்னும் மோசம். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் விறைப்பாகும். பள்ளத்தில் சக்கரம் முழுக்கக் கீழே இறங்கும்போது அது இருக்கையை விட்டு நழுவவும் கூடும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதற்குத் தடை போடுகிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் இதைத்தான் கிளறுவார்.

என் கருத்து இதுதான்: நம் ஊர் வேகத்தடைக்கும் மழைப் பள்ளத்துக்கும் கம்பெனி வைத்த உயரமே போதும், தாழ்த்தாதீர்கள். ஏற்கெனவே தாழ்த்தியவர்கள் இந்த வாரமே அலைன்மென்ட் பாருங்கள். முன், பின் அளவுகளை அச்செடுத்துக் கேளுங்கள். பல சிறிய கார்களில் டோ மட்டும்தான் திருத்த முடியும், கேம்பருக்குத் தனி போல்ட் போட வேண்டியிருக்கும். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வீல் பேலன்சிங் செய்துவிட்டு அலைன்மென்ட் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள், இரண்டும் வேறு. மாதம் ஒருமுறை ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி நிறுத்தி, டயரின் உள்விளிம்பையும் பாருங்கள்.

தங்கை மகன் பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டு, இரண்டு புது டயர் வாங்கி, அலைன்மென்ட் பார்த்த பிறகுதான் சென்னைக்குக் கிளம்பினான். செலவைப் பற்றி முணுமுணுத்தான். குழந்தை கையாட்டிக்கொண்டே போனது.

உங்களில் யாராவது காரைத் தாழ்த்தியிருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். திட்ட மாட்டேன். அலைன்மென்ட் பார்த்தாயா என்று மட்டும் கேட்பேன். அன்று அவனிடம் கேட்காமல் விட்ட கேள்வி அது.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்