எலிக்குக் கிடைத்த காவல் மனிதனுக்கு வாய்க்குமா?

மஞ்சளில் உள்ள குர்க்குமின், பச்சைத் தேநீர், திராட்சை விதைச் சாறு இவற்றில் ஏதேனும் ஒன்று புகைப்பவரின் மூளையை நிக்கொட்டினிலிருந்து காக்கும் என்ற செய்தி, பத்திரிகைகளின் நலவியல் பக்கங்களில் திரும்பத் திரும்ப வெளியாகிறது. செய்தியின் கடைசிப் பந்தி வரை பொறுமையாக வாசிப்பவருக்கு மட்டுமே, ஆய்வு எலிகளில் நடந்தது என்பது தெரியவரும். தலைப்பில் எலிக்கு இடமில்லை.

இத்தகைய ஆய்வுகள் பொய்யானவை என்று எவரும் சொல்லவில்லை. நிக்கொட்டின் செலுத்தப்பட்ட எலிகளின் மூளையில் ஒட்சியேற்றச் சேதம் கூடுவதும், தாவரச் சாறுகள் அதனைக் குறைப்பதும் ஆய்வுகூடங்களில் காணப்பட்டவையே. ஆனால் எலிக்கு அளந்து புகட்டப்படும் செறிந்த சாறு வேறு. நாம் கறியில் இடும் ஒரு சிட்டிகை மஞ்சள் வேறு. குர்க்குமின் மனிதக் குடலில் மிகச் சிறிதளவே உறிஞ்சப்படுகிறது என்பது நன்கறியப்பட்ட உண்மை.

இதைவிட முக்கியமான பாடம் ஒன்றை உலகம் ஏற்கெனவே விலை கொடுத்துக் கற்றிருக்கிறது. கரோட்டின் மிகுந்த காய்கறிகளை உண்பவர்களுக்கு நுரையீரற் புற்றுநோய் குறைவு என்று கண்ட ஆய்வாளர்கள், அதனையே மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தனர். பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பாளர்கள் பங்கேற்ற ஆய்வின் முடிவு 1994இல் வெளியாயிற்று. பீற்றா கரோட்டின் பெற்றவர்களிடையே நுரையீரற் புற்றுநோய், அதனைப் பெறாதவர்களை விட 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் புகைப்பவர்கள், முன்னர் புகைத்தவர்கள், அஸ்பெஸ்ரோஸ் தூசிக்கு ஆளான தொழிலாளர் என 18,314 பேருக்கு நடத்தப்பட்ட ஆய்வில் பீற்றா கரோட்டினும் விற்றமின் ஏயும் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. அவற்றைப் பெற்றவர்களிடையே நுரையீரற் புற்றுநோய் 28 சதவீதமும் இறப்பு 17 சதவீதமும் அதிகரித்தமையால், 1996 ஜனவரியில் அந்த ஆய்வு இடைநடுவில் நிறுத்தப்பட்டது. காவலாக அனுப்பப்பட்டதே கேடு செய்தது.

அது நுரையீரல், இது மூளை என்று வாதிடுவோர் உண்டு. அவர்களிடம் ஒரு கேள்வி. நுரையீரலைப் பற்றிய நம்பிக்கைக்காவது பல்லாயிரம் மனிதரின் உணவுப் பழக்கம் ஆதாரமாக இருந்தது. மூளையைப் பற்றிய இந்த நம்பிக்கைக்கு எலிகளைத் தவிர வேறென்ன ஆதாரம் இருக்கிறது?

மேலும், புகை மூளைக்குச் செய்யும் தீங்கு ஒட்சியேற்றம் மட்டுமன்று. உள்ளிழுத்த சில வினாடிகளில் நிக்கொட்டின் மூளையை அடைந்து, நரம்புக் கலங்களின் வாங்கிகளைப் பற்றி, டொபமினைச் சுரக்கச் செய்கிறது. நாளடைவில் அந்த வாங்கிகளின் தொகை பெருகுகிறது. அதுவே அடிமைத்தனத்தின் வேர்களுள் ஒன்று. புகை குருதிக் குழாய்களைச் சிதைத்துப் பக்கவாதத்திற்கு வழிகோலுகிறது. காபனோரொட்சைட்டு குருதியில் ஒட்சிசனின் இடத்தைக் கவர்ந்துகொள்கிறது. எத்தனை கோப்பை பச்சைத் தேநீர் அருந்தினாலும் இவை நீங்கிவிடுமா?

இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை விளம்பரத்தைத் தடை செய்தது. 2015இல் சிகரெட் பெட்டியின் 80 சதவீதப் பரப்பை எச்சரிக்கைப் படங்கள் பிடித்தன. அந்தப் படத்தைப் பார்த்து ஒருகணம் தயங்கும் இளைஞனின் கையில், “மஞ்சள் காக்கும்” என்ற தலைப்பைக் கொடுப்பது எந்த வகைப் பத்திரிகைத் தொழில்? சிகரெட் நிறுவனம் பணம் கொடுத்தும் போட முடியாத விளம்பரத்தை நாம் இலவசமாகப் போட்டுக் கொடுக்கிறோம்.

ஆசிரியபீடங்களிடம் கேட்பது பெரிதல்ல. ஆய்வு எலியில் நடந்ததாயின் தலைப்பிலேயே எலி என்று எழுதுங்கள். எவ்வளவு மருந்து, எத்தனை நாள், மனிதரில் சோதிக்கப்பட்டதா என்பவற்றை முதற் பந்தியிலேயே சொல்லுங்கள். இடம் போதாதென்றால் செய்தியையே விட்டுவிடுங்கள். வாசகர் எதையும் இழக்கப்போவதில்லை.

வல்லாரைச் சம்பலும் நெல்லிக்காயும் நல்ல உணவு, தாராளமாக உண்ணலாம். ஆனால் அவற்றைப் புகைப்பதற்கான அனுமதிச்சீட்டாக எவரும் விற்க வேண்டாம். புகையிலை ஆண்டுதோறும் 70 இலட்சத்திற்கும் அதிகமானோரைக் கொல்கிறது. புகைப்பதை நிறுத்தியவருக்குப் பக்கவாத அபாயம் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைகிறது என்பது மனிதரில் கண்டறியப்பட்ட உண்மை. தலைப்பில் இடம்பெறத் தகுந்த செய்தி அதுவே.