பச்சிளங்குழந்தையின் சர்க்கரை அளவைச் சீட்டில் எழுதுங்கள்

ஓசூர் வட்டாரத்தில் பிள்ளைக்கு வலிப்பு என்றால் பலரும் அத்திப்பள்ளி தாண்டி நிமான்ஸுக்கோ பெங்களூரின் வேறொரு பெரிய மருத்துவமனைக்கோதான் ஓடுகிறார்கள். இப்படி வரும் குழந்தையைப் பார்க்கும் மருத்துவர் பிறப்பிலிருந்துதான் விசாரிப்பார். எடை எவ்வளவு, எப்போது பால் குடித்தது, முதல் 2, 3 நாளில் ரத்தச் சர்க்கரை இறங்கியதா? எடையைப் பெற்றோர் உடனே சொல்லிவிடுவார்கள். சர்க்கரையைச் சொல்ல வேண்டியது பிரசவம் பார்த்த இடத்தின் டிஸ்சார்ஜ் சீட்டு. எடை குறைந்தோ குறைமாதத்திலோ நீரிழிவுள்ள தாய்க்கோ பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் அந்த அளவைப் பார்த்து எழுதிக் கொடுப்பதை, சிறு நர்சிங் ஹோம் வரை, கிருஷ்ணகிரி மாவட்டம் முழுக்கக் கட்டாயமாக்க வேண்டும்.

கருவில் இருக்கும்வரை தொப்புள்கொடி வழியே சர்க்கரை ஓயாமல் வருகிறது. கொடியை அறுத்ததும் வரத்து நின்று, அடுத்த 1, 2 மணி நேரத்தில் அளவு இறங்குவது எல்லாக் குழந்தைக்கும் இயல்பு. நிறைமாதக் குழந்தை கல்லீரலின் கையிருப்பை எடுத்துச் சமாளித்துக்கொள்ளும். அந்தக் கையிருப்பு கர்ப்பத்தின் கடைசி மாதங்களில்தான் சேர்கிறது என்பதால், முன்கூட்டிப் பிறந்ததும் மெலிந்து பிறந்ததும் திண்டாடும். நீரிழிவுத் தாயின் குழந்தையோ பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும். தாயின் சர்க்கரைக்குப் பழகிய அதன் கணையம் பிறந்த பிறகும் இன்சுலினைச் சுரந்து தள்ளும். அளவு மிகத் தாழ்ந்து அப்படியே நீடித்தால், பார்வையைப் புரிந்துகொள்ளும் மூளையின் பின்பகுதி அதிகம் அடிபடுகிறது. கண் நன்றாக இருந்தும் குழந்தை தாய் முகம் பார்க்காது. சில மாதம் கழித்துத் தலையும் கையும் வெடுக்கென்று முன்னால் மடங்கும் வலிப்பு வரலாம்; அதை வயிற்றுவலி என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்து நாளைக் கடத்துவார்கள். இத்தனைக்கும் முதல் அறிகுறி பாராட்டு வாங்குவதாகக்கூட இருக்கும்: அழாமல், பாலுக்கும் எழாமல் தூங்கும் குழந்தையைச் சமத்து என்கிறோம்.

மும்பையின் குழந்தை நரம்பியல் மருத்துவர் விரஜேஷ் உதானியும் சகாக்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, கைக்குழந்தைப் பருவத்தில் தொடங்கும் வலிப்புக்கு இப்படிப்பட்ட மூளைச் சேதம் பரவலான காரணம் என்றது. இதற்கு எதிராக நியூசிலாந்து ஆய்வைக் காட்டுவோர் உண்டு. அங்கே சர்க்கரை இறங்கிய குழந்தைகளிடம் நாலரை வயதில் திட்டமிடும் திறனிலும் கண்-கை ஒத்திசைவிலும் குறை தெரிந்தது. 9, 10 வயதில் படிப்பில் வித்தியாசம் தெரியவில்லை. அப்படியானால் கவலை எதற்கு? அந்தக் குழந்தைகள் பிறந்ததிலிருந்தே கண்காணிக்கப்பட்டு, அளவு இறங்கியதும் சிகிச்சை பெற்றவர்கள் என்பதை மறந்துவிட்டுத்தான் இப்படிக் கேட்க முடியும். 2020-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு டெசிலிட்டருக்கு 47 மில்லிகிராமில் தொடங்கும் சிகிச்சையை 36 வரை தள்ளிவைக்கலாம் என்று கண்டதும் உண்மையே. அங்கும் அளந்துகொண்டேதான் காத்திருந்தார்கள். எந்த எண்ணில் சிகிச்சை தொடங்குவது என்பதில்தான் விவாதம், அளப்பதில் இல்லை.

தமிழ்நாட்டில் பிரசவங்கள் கிட்டத்தட்ட முழுவதும் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, முதல் ஒரு மணி நேரத்தில் தாய்ப்பால் பெறும் குழந்தைகள் 100-க்கு 60 அளவில்தான். சிசேரியன் 45-ஐ நெருங்குகிறது. அறுவைக்குப் பிறகு முதல் பால் தாமதமாவது எல்லோருக்கும் தெரிந்ததே. எல்லாக் கர்ப்பிணிக்கும் நீரிழிவுப் பரிசோதனை என்று 2007-லேயே ஆணையிட்ட மாநிலம் இது. அதற்குப் பின்னால் சென்னை மருத்துவர் வி. சேஷையாவின் நெடுநாள் உழைப்பு இருக்கிறது. தாயின் சர்க்கரையைப் பார்த்துவிட்டுப் பிள்ளையின் சர்க்கரையை விட்டுவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. ஓசூரில் சிக்கல் இன்னும் கூடுதல். சிப்காட்டுக்கு வேலைக்கு வந்த இளம் தம்பதி வாடகை அறையில் இருப்பார்கள். பிரசவம் தாய் வீட்டில், தடுப்பூசி இங்கே, பெரிய வைத்தியம் பெங்களூரில். கர்ப்பப் பதிவுக்கு இங்கே பிக்மி எண், எல்லை தாண்டினால் கர்நாடகத்தின் தாயி கார்டு. இத்தனை இடத்துக்கும் குழந்தையோடு போவது பெற்றோர் கையில் இருக்கும் காகிதம் ஒன்றுதான்.

குத்திக் குத்திப் பார்த்து, பயந்து, பவுடர் பாலுக்குத் தாவிவிடுவார்கள் என்று தாய்ப்பால் ஆர்வலர்கள் அஞ்சுவதில் நியாயம் உண்டு. அதனால்தான் எல்லாக் குழந்தைக்கும் என்று கேட்கவில்லை. முதல் மருந்து சீம்பாலே. தேவைப்பட்டால் கன்னத்தின் உட்புறம் தடவும் குளுக்கோஸ் ஜெல், அதற்கும் மேல்தான் ஊசி. பாட்டி தொட்டு வைக்கும் சேனை இதற்கு மாற்றாகாது. அது தொற்றைக் கொண்டுவரும், பாலுக்கான பசியையும் கெடுக்கும். குளுக்கோமீட்டர் தாழ்ந்த அளவுகளில் துல்லியம் தவறும் என்பதும் சரியே. ஆய்வகத்தில் உறுதிசெய்யட்டும், அதுவரை சிகிச்சையை நிறுத்திவைக்க வேண்டாம். செலவு என்று சொல்லத் தேவையே இல்லை: குதிகாலில் ஒரு குத்து, ஒரு ஸ்ட்ரிப், சில நொடி.

மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் இதற்கொரு சுற்றறிக்கை அனுப்பலாம். அது வரும்வரை, எடை குறைந்த குழந்தையோடு வீட்டுக்குக் கிளம்பும் பெற்றோர், “சர்க்கரை பார்த்தீங்களா, எவ்வளவு இருந்துச்சு?” என்று கேட்டு, பதிலைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.