வெயிலில் எகிறும் குண்டு

1981-ல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷையர் காட்டில் 12 பேர், மரங்களில் அடையாளமிடும் துப்பாக்கியால் ஒருவரையொருவர் சுட்டு விளையாடினார்கள். பெயின்ட்பால் பிறந்தது. வண்ணக் குண்டைத் தள்ளியது கார்பன் டை ஆக்சைடு.

சிலிண்டருக்குள் அது திரவமாக இருக்கும். ஆவியாகும் வாயுதான் குண்டைத் தள்ளும். 21 டிகிரி செல்சியஸில் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 850 பவுண்டு. விடாமல் சுட்டால் சிலிண்டர் குளிர்ந்து அழுத்தம் சரியும். வெயிலில் எகிறும். 31 டிகிரியைத் தாண்டினால் திரவமே இருக்காது. நமது கோடைக்கு அது சாதாரணம்.

அழுத்திய காற்றுக்கு இந்தச் சிக்கல் குறைவு. 3,000 அல்லது 4,500 பவுண்டு அழுத்தத்தில் அடைத்தாலும், ரெகுலேட்டர் சீராகக் குறைத்தே அனுப்பும்.

குண்டின் வேகம் வினாடிக்கு 300 அடியைத் தாண்டக் கூடாது என்பது பரவலான விதி. வெயிலில் கிடந்த சிலிண்டர் இதை மீறவைக்கலாம். வேகத்தை அளந்த பிறகே ஆடுங்கள். களத்தில் முகக்கவசத்தைக் கழற்றாதீர்கள். பறிபோவது கண்ணாக இருக்கலாம்.