கொத்தனாருக்கு முன் ஆசாரி

பாளையங்கோட்டைப் பக்கம் பழைய வீடு வாங்குகிறவர்கள் முதலில் கை வைப்பது குளியலறையில்தான். ‘எல்லாத்தையும் தட்டிப் போட்டுருவோம், அண்ணாச்சி’ என்று யாராவது சொன்னால் போதும், மறுநாளே சுத்தியல் சத்தம் கேட்கும். அப்படி வாசலில் கழற்றிப் போட்டிருந்த மர அலமாரி ஒன்றைப் பார்த்தேன். கீலில் துரு, விளிம்பில் சோப்புக் கறை. ஆனால் ஒரு பலகைகூட உப்பவில்லை. அசல் தேக்கு! 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் ஊருக்குள் வந்துபோனதை நாம் மறக்கவில்லை. மரத்தூளை அழுத்திச் செய்த பலகைகள் தண்ணீர் பட்டால் டீயில் நனைத்த ரொட்டிபோல் ஊதிவிடும். தேக்குக்கு அதன் எண்ணெய்ப் பசையே காவல். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, பளபளப்புத் தாள் ஒட்டிய பலகையைக் காசு கொடுத்து வாங்குகிறோம். இதற்குப் பெயர் புதுப்பித்தலா? சோப்புத் தண்ணீரில் துடைத்து நன்றாகக் காயவிட்டு, ரேகை ஓடும் திசையிலேயே உப்புத்தாள் போட்டு, நீர் புகாத வார்னிஷை மெல்லிசாக இரண்டு தடவை பூசினால் மரம் மறுபடி நிறம் காட்டும். பித்தளைக் கைப்பிடி, புதுக் கீல், டைல்ஸ் இடுக்குக்குப் புதுப் பூச்சு, ஈரத்தை வெளியே தள்ள ஓர் எக்ஸாஸ்ட் விசிறி; அறையே மாறிவிடும். போர் தண்ணீர் விட்ட வெள்ளைக் கறைக்கு வினிகர் போதும். அதை டைல்ஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மரத்தில் பட வேண்டாம். கொத்தனாருக்கு முன்பணம் கொடுக்கும் முன், ஓர் ஆசாரியைக் கூப்பிட்டு அது என்ன மரம் என்று கேட்டுவிடுங்கள்.